நட்டவர் யார், பட்டதற்குப் பழி யார்மேல்?

வறண்ட நிலத்தில் மரம் வளர்ப்பதைக் கிராமத்தாரிடம் விட்டால் விறகுக்கு வெட்டிவிடுவார்கள், மிச்சத்தை ஆடு தின்றுவிடும். ஆகவே வேலியும் காவலும் நிபுணரும் பெருந்திட்டமும் வேண்டும். சென்ற இதழின் கட்டுரையாளர் சொன்னதன் சாரம் இது. ஆதாரத்துக்கு அவர் தேடிப் போனது சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பான சாஹெலுக்கு. போயிருக்க வேண்டாம். அவர் வாதத்தைப் புதைக்க அதைவிடத் தோதான மண் உலகில் இல்லை.

பட்டுப்போன கன்றுகளின் கணக்கை அடுக்குகிறார். அவற்றை நட்டது யார்? 1970-களின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு நாற்றங்கால் போட்டு, வெளியூர் மரங்களை இறக்கி நட்டவை அரசுகளும் உதவி நிறுவனங்களும். தோற்றது அவர்கள் திட்டம், கூண்டில் ஏற்றப்படுபவர் விவசாயி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நைஜரின் மராடி வட்டாரத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியரும் இப்படித்தான் கன்று நட்டு, பெரும்பாலானவற்றைச் சாகக் கொடுத்தார். வயலில் புதராகத் தெரிந்தவை, வெட்டிய மரங்களின் அடிக்கட்டையில் வந்த துளிர்கள் என்பது 1983-இல் அவருக்குப் புலப்பட்டது. மண்ணுக்கடியில் வேர் சாகவே இல்லை. விதைப்புக்கு முன் ஆண்டுதோறும் துளிர்களைச் செதுக்கி எரித்துவந்தார்கள், அவ்வளவுதான். வலுவான நாலைந்து துளிரை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தால் மரம் எழும்பிவிடும். நாற்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அடுத்த இருபது சொச்சம் ஆண்டுகளில் தென் நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் இப்படிப் பச்சையானது. மரங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20 கோடி. செய்தவர்கள் கம்பும் சோளமும் விதைக்கிற சம்சாரிகள்.

“அதே மராடியில் மரத்தை வெட்டவில்லையா?” என்று அவர் மடக்கக்கூடும். வெட்டினார்கள். 1984 பஞ்சத்தில், மரத்தைக் காத்தால் தானியம் தரப்படும் என்றார்கள். ஏறக்குறைய 5 லட்சம் மரங்கள் காக்கப்பட்டன. தானியம் நின்றதும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்தது. இது யாருக்குச் சாட்சி? திட்டத்தின் மரமாக நின்றவரை அது கூலிக்கான சாமான். கூலி நின்ற பிறகு, காற்றின் வேகம் குறைந்ததையும் விளைச்சல் கூடியதையும் கண்ட குடியானவர்கள் ஒரு காசு வாங்காமல் திரும்ப வளர்த்தார்கள். பரவியது அந்த இரண்டாவது மரம்.

கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாத விஷயம் சட்டம். பிரெஞ்சு ஆட்சிக்காலம் தொட்டு நைஜரில் மரம் அரசுச் சொத்து. தன் வயல் மரத்தில் கிளை கழித்தாலும் அபராதம். அப்படியிருக்க எவன் துளிரை விட்டுவைப்பான்? 1980-களின் நடுவில் அரசின் பிடி தளர்ந்து, மரம் தனக்குத்தான் என்ற நம்பிக்கை உழவனுக்கு வந்த பிறகே கத்தி கீழே இறங்கியது. நமக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டில் 2002 வரை பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசுக்குத்தான். கன்று தெரிந்ததும் பிடுங்கி எறிந்த விவசாயியை மரத்தின் எதிரி என்பீர்களா?

ஜனத்தொகை பெருகினால் மரம் அழியும் என்பது அவருடைய இன்னொரு சூத்திரம். தென் நைஜரில் ஜனம் நெருங்கி வாழும் இடங்களில்தான் வயல்மரங்களும் நெருக்கமாக நிற்கின்றன. எல்லைக்குத் தெற்கே, மழை கூடுதலாகப் பெய்யும் வட நைஜீரியாவைவிட நைஜர் பக்கம் அடர்த்தி அதிகம் என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்தே காட்டியிருக்கிறார்கள். பாவப்பட்ட ஆட்டையும் விடவில்லை அவர். அங்கே முக்கியமான வயல்மரம் காவோ. மழைக்காலத்தில் இலை உதிர்த்துப் பயிருக்கு வெயில் விடும். கோடையில் தழைத்துக் காய் தரும். ஆடுமாடு அந்தக் காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பும்.

வேரே இல்லாத கட்டாந்தரையில் என்ன செய்வது? புர்க்கினா ஃபாசோவின் யாக்கூபா சவாடோகோ 1980-களிலேயே பதில் சொல்லிவிட்டார். முன்னோரின் ‘ஜாய்’ குழிகளைக் கோடையிலேயே பெரிதாக வெட்டி எரு போட்டார். எருவுக்கு வந்த கரையான் மண்ணைத் துளைத்தது, மழை குழியில் தங்கியது, தானியத்தோடு மரமும் வந்தது. அயலார் பைத்தியம் என்றார்கள். காட்டுக்குத் தீயும் வைத்தார்கள். பிறகு அவரிடமே கற்றுக்கொள்ள வந்தார்கள். 2018-இல் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்கும் ரினாடோவுக்கும் கிடைத்தது. பின்னாளில் அந்தக் காட்டை மிரட்டியது ஆடோ விறகுவெட்டியோ அல்ல. வாஹிகுயா நகர விரிவாக்கத்துக்காக அதன்மேல் மனை பிரித்த அரசுத் திட்டம்.

அவர் சிலாகிக்கும் ‘பெரும் பசுமைச் சுவர்’, செனகல் முதல் ஜிபூட்டி வரை 15 கிலோமீட்டர் அகல மரவரிசையாகக் கற்பனை செய்யப்பட்டது. அந்தக் கற்பனை கைவிடப்பட்டு, உழவர் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் சேர்த்துக்கொண்ட திட்டமாக மாறியது. இதையாவது அவர் சொல்லியிருக்கலாம்.

மறுமொழி எழுதுவதானால், செத்த கன்றுகளை மறுபடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மரத்தின்மேல் உரிமை உழவனுக்கு வந்த பிறகு பாலையாகிப்போன ஒரு வட்டாரத்தைச் சாஹெலில் காட்டட்டும். பிறகு பேசலாம்.