லாரி விற்ற பணமும் லண்டன் போன பிள்ளையும்

மகன் பட்டம் வாங்கிவிட்டான். "ஓராண்டு வெளிநாடு சென்று ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்கிறான். ஆலைச் சங்கு கேட்டு ஓடியே பழகிய தகப்பன் என்ன சொல்வான்? "சம்பாதிக்கும் வயதிலே ஊர் சுற்றவா?" என்பான். அவன்மீது குற்றமில்லை, தோழனே! அவன் கணக்கிலே அந்த ஓராண்டு, பன்னிரண்டு மாதச் சம்பளம், மீட்கவேண்டிய அடகு நகை, மகளின் திருமணம். சீமான் வீட்டிலே இந்தக் கணக்கு ஏது? அங்கே ஓராண்டு போனால் போகட்டும்! ஆகவே, யார் செலவில் போவது என்பதே கேள்வி.

அமெரிக்கா இதற்கொரு வழி கண்டது. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது, அமெரிக்கப் படை கொண்டுபோன லாரிகளும் தளவாடங்களும் பல நாடுகளிலே குவிந்து கிடந்தன. வாங்க ஆளுண்டு, கொடுக்க டாலர் இல்லை. அர்கான்சாஸ் மாநிலத்து செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு யோசனை சொன்னார்: அந்தந்த நாட்டுப் பணத்தையே வாங்குவோம், அதைக்கொண்டு மாணவர்களுக்கு உதவுவோம்! 1946 ஆகஸ்டு முதல் நாள் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார், சட்டமாயிற்று. கொல்லக் கொண்டுவந்த சரக்கு, கற்கக் காசு கொடுத்தது! கல்லூரி முடித்த இளைஞன் ஒரு கல்வியாண்டு அயல்நாட்டிலே தங்கி ஆராயப் பயணச் செலவும் படியும் கிடைத்தன.

ஃபுல்பிரைட்டும் 1925-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர்தாம். உலகம் கண்டவர். ஆனால் பின்னர் நடந்தது என்ன? கறுப்பர் குழந்தையையும் வெள்ளையர் குழந்தையையும் தனித்தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது தவறு என 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து 1956-இல் தென்மாநிலத்தார் விடுத்த அறிக்கையிலே அவர் கையெழுத்தும் இருந்தது! கடல் கடந்த கால்கள், நிறவெறிக் கோட்டைக் கடக்கவில்லை. ஊர் பார்த்தால் மட்டும் போதாது, உள்ளமும் திருந்தவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மனிதரின் குறைக்காகத் திட்டத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. இந்தியா 1950-இல் அதிலே சேர்ந்தது. 2008-இல் ஏற்பட்ட புது ஒப்பந்தப்படி இந்திய அரசும் செலவில் பங்கேற்றது. அரசின் பணம் யார் பணம்? சோப்புக்கும் செருப்புக்கும் நீ கட்டும் வரியும் அதில் உண்டு! உன் பிள்ளை கேட்பது பிச்சையல்ல, பங்கு.

மாணவனுக்குப் படி கிடைத்துவிட்டால் போதுமா? அவன் சம்பளத்தை நம்பிய வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? அந்த ஓராண்டு குடும்பத்துக்கும் ஒரு தொகை தருக என்று கேட்போம். அது வராதவரை, தகுதி, திறமை என்ற பேச்செல்லாம் சீமான் பிள்ளைக்கு விரித்த பட்டுக் கம்பளமே!

புறப்படும் மகனிடமும் மகளிடமும் தகப்பன் சொல்ல வேண்டியது இதுதான்: "கற்று வா! வந்தபின், நம் தெருப் பிள்ளை ஒன்றையாவது கைபிடித்து அழைத்துப் போ!"