வெட்டி எடுத்த சதையைக் குப்பையில் போடலாமா?

கண்ணில் லேசாகச் சதை வளர்ந்தால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? 'வெயில்ல அலையறே இல்லே, சூடுதான். விளக்கெண்ணெய் விடு, சரியாப் போயிடும்!' பெரும்பாலும் அது சாதாரணச் சதைதான். ஆனால், எல்லாமே அப்படி இல்லை. சில சதைகள் புற்றுநோயாகவும் இருக்கும்.

கென்யா, உகாண்டா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் இந்த நோய் அதிகம். கருவிழியும் வெள்ளை விழியும் சேருகிற இடத்தில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். குளிர் நாடுகளில் வயதான ஆண்களுக்கு எப்போதாவது வருகிற இது, அங்கே முப்பது, நாற்பது வயதுக்காரர்களையே பிடிக்கிறது. பெண்களும் தப்புவதில்லை. பூமத்திய ரேகை வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரு காரணம்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஹெச்.ஐ.வி. கிருமி இன்னொரு காரணம். ஹெச்.ஐ.வி.க்கும் இதற்கும் உள்ள தொடர்பை உகாண்டாவில் நடந்த ஆய்வு 1995-லேயே காட்டிவிட்டது.

சீக்கிரம் வந்தால், கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி எடுத்துவிடலாம், பார்வையும் தப்பும். முற்றவிட்டால் கண்ணையே எடுக்க நேரும். சமயத்தில் உயிருக்கும் ஆபத்து. வெட்டிய பிறகும் திரும்ப முளைப்பதுதான் பெரிய தொல்லை. இதற்குக் கென்யாவில் ஒரு வழி சோதித்தார்கள். ஃபுளோரோயுராசில் என்ற பழைய புற்றுநோய் மருந்தை, ஆபரேஷன் புண் ஆறியதும் தினம் நாலு வேளை, நாலு வாரம் கண்ணில் சொட்டு மருந்தாக விட்டார்கள். ஒரே வருஷத்தில், மருந்தில்லாத வெறும் சொட்டு விட்டவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு நோய் திரும்பியது. மருந்து விட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான்! 2016-ல் வெளியான முடிவு இது.

ஆனால், புற்று என்று தெரிந்தால்தானே மருந்து? வெறும் கண்ணால் பார்த்து எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்தான் சொல்ல வேண்டும். எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவது சிக்கனமல்ல, ஆபத்து என்பேன்.

வயலிலும் கடலிலும் வெயிலில் உழைக்கிறவர்கள் நம் ஊரிலும் ஏராளம். அவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சகஜம். சதை வேகமாக வளர்ந்தாலோ, வெள்ளையாகத் தடித்தாலோ, ரத்தக் குழாய்கள் சிவந்து தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள். கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும், 'டெஸ்டுக்கு அனுப்பிட்டீங்களா டாக்டர்?' என்று தைரியமாகக் கேளுங்கள். அதிலென்ன கூச்சம்? கண் உங்களுடையது!