பழி ஓரிடம், பணம் ஓரிடம்

மர்லின் மன்றோ என்ற பெயரைச் சொன்ன மாத்திரத்தே நம்மவருள் ஒரு சாரார் முகஞ் சுழிக்கின்றனர். மற்றொரு சாரார் “ஐயோ, பாவம்” என்று பெருமூச்செறிகின்றனர். முன்னையோருக்கு அவர் ஒழுக்கக்கேட்டின் சின்னம். பின்னையோருக்கு விதியின் பலிக்கடா. இவ்விரு தீர்ப்புகளையும் நாம் நிராகரிக்கின்றோம். வழக்கின் பத்திரங்களை விரித்துப் பாராமல் வழங்கப்பட்ட தீர்ப்புகள் அவை. பத்திரங்களை விரித்தால், உழைத்தவர் ஒருவர், உடைமை பெற்றவர் வேறொருவர் என்ற பழைய வழக்கையே அங்கும் காண்போம்.

1926 ஜூன் 1ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்சில் பிறந்த நோர்மா ஜீன் என்னும் அக்குழந்தை, தாயின் மனநோய் காரணமாக வளர்ப்பு இல்லங்களிலும் அநாதை விடுதியிலும் வளர்ந்தது. பதினாறாம் வயதில் விவாகம். உலக யுத்தகாலத்தில் விமானத் தொழிற்சாலையொன்றிற் கூலிவேலை. அங்கு வந்த இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் அவரைப் படம்பிடித்தார். அதிலிருந்து விளம்பரப் படங்களுக்கு நிற்கும் தொழில் பிறந்தது. 1946இல் டுவென்ரியெத் செஞ்சுரி பொக்ஸ் என்ற படக் கொம்பனி அவரை ஒப்பந்தஞ் செய்து, பெயரையும் மாற்றியது. மறு ஆண்டே கைவிட்டது.

வேலையற்றிருந்த 1949ஆம் ஆண்டில், வறுமையின் நிமித்தம், ஆடையின்றிப் படமெடுக்க அவர் இணங்கினார். பெற்ற கூலி 50 டொலர். அப்படம் நாட்காட்டிகளில் அச்சாகி நாடெங்கும் விற்பனையாயிற்று. 1953இல் ஹியூ ஹெப்னர் என்பவர் 500 டொலர் கொடுத்து அதன் உரிமையை நாட்காட்டிக் கொம்பனியிடம் வாங்கித் தமது ‘பிளேபோய்’ சஞ்சிகையின் முதலாவது இதழை அதனாற் சிறப்பித்தார். ஒரு பெரும் வியாபாரத்தின் அத்திவாரக் கல் அது. படத்தில் இருந்தவருக்கு அதிலிருந்து ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. ஆயினும் 1952இல் செய்தி வெளியானபோது ஊர் கூடிக் கேள்வி கேட்டது யாரை? அச்சிட்டவரையா? விற்றவரையா? வாங்கிச் சுவரில் மாட்டியவரையா? அவரையல்லவா கேட்டது! கையில் பணமில்லை, அதனாற் செய்தேன் என்று ஒளிவுமறைவின்றி அவர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை கேள்வி கேட்டவர்களிடம் இருந்ததா?

“அவர் தம் கையாலேயே கையொப்பம் இட்டாரல்லவா? பலவந்தம் எங்கே?” என்று வாதிப்பாரும் உளர். அக்காலத்து ஹொலிவூட் ஒப்பந்தம் எத்தகையது என்பதை அவர்கள் அறியவேண்டும். அதன் காலம் ஏழாண்டு. இடையிடையே அதனைப் புதுப்பிக்கவோ முறிக்கவோ தெரிவு கொம்பனிக்கு மட்டுமே உண்டு; நடிகருக்கு இல்லை. கொடுத்த வேடத்தை மறுத்தாற் சம்பளமின்றி இடைநிறுத்தம். இடைநிறுத்திய காலத்தையும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவர். இந்த அநீதியை எதிர்த்து ஒலிவியா டி ஹவிலண்ட் என்னும் நடிகை வார்னர் கொம்பனிமேல் வழக்காடி, ஏழாண்டென்றால் நாட்காட்டியின் ஏழாண்டே என்ற தீர்ப்பைக் கலிபோர்னிய மேன்முறையீட்டு மன்றில் 1944இல் பெற்றார். குத்தகைக் காணியில் மழை பொய்த்த வருடத்தையும் குத்தகைக்காரன் தலையிற் கட்டுபவனை நம் விவசாயிகள் அறிவர். வயிறு காய்ந்தவன் இட்ட கையொப்பத்தின் பெறுமதி என்னவென்பதையும் அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மர்லின் மன்றோவும் வாளாவிருந்தவரல்லர். 1953இல் மூன்று படங்கள் அவரை உச்சிக்கு உயர்த்தின. சம்பளமோ பழைய ஒப்பந்தச் சம்பளமே. 1954 ஜனவரியில், கதையைக் காட்டாமல் ஒரு படத்தில் நடிக்குமாறு பணித்தபோது அவர் மறுத்தார். கொம்பனி அவரை இடைநிறுத்தியது. அவ்வாண்டின் முடிவில் அவர் ஹொலிவூட்டை விட்டு நியூயோர்க் சென்று, மில்ரன் கிறீன் என்னும் புகைப்படக் கலைஞருடன் சேர்ந்து, தம் பெயரிலேயே ஒரு படக் கொம்பனியை நிறுவினார். நாடகப் பயிற்சியும் பெற்றார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஓராண்டு கழிந்தது. நகைத்தவர்கள் வாயடைத்தனர். 1955இன் இறுதியிற் கொம்பனி பணிந்து புதிய ஒப்பந்தம் எழுதியது: ஏழாண்டில் நான்கு படங்கள், படமொன்றுக்கு ஓர் இலட்சம் டொலர், நெறியாளரையும் கதையையும் ஏற்கவோ மறுக்கவோ உரிமை, சொந்தமாகப் படமெடுக்கும் உரிமை. பேதைப் பெண்ணென்று வேடங்கட்டி ஆடவைக்கப்பட்டவர், தம்மை ஆட்டிவைத்தவர்களையே வென்ற வரலாறு இது. இதனை ஏன் எவரும் எடுத்துரைப்பதில்லை? மரணத்தைப் பற்றி ஆயிரம் வதந்தி எழுதுவோர் இவ்வெற்றியைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதினால் என்ன?

வெற்றி முழுமையானதன்று என்பதையும் சொல்லவேண்டும். அவ்வொப்பந்தம் விலையை ஓரிலட்சத்திலே நிறுத்திவிட்டது. 1962இல் அதே கொம்பனி ‘கிளியோபற்றா’ படத்துக்காக எலிசபெத் ரெய்லருக்குப் பத்திலட்சம் டொலர் பேசியிருக்க, இவருக்கோ அதே ஓரிலட்சம். அவ்வாண்டு ஜூன் மாதம், படப்பிடிப்புக்குப் பல நாட்கள் வரவில்லையென்று அவரை வேலைநீக்கி, வழக்கும் தொடுத்தது. அவர் நோயுற்றிருந்தார் என்பதை அது பொருட்படுத்தவில்லை. பின்னர் மீண்டும் அழைக்கப் பேச்சு நடந்தது. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், 36ஆவது வயதில், நித்திரை மருந்தினால் அவர் இறந்தார்.

இறந்த பின்னரும் ஏலம் ஓயவில்லை. 1962இல் ஜனாதிபதி கென்னடியின் பிறந்தநாள் விழாவில் அவர் அணிந்த ஆடை 2016இல் 48 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்வுடலுக்குக் கொம்பனி கொடுத்த கூலி படமொன்றுக்கு ஓரிலட்சம். அவ்வுடலைப் போர்த்திய துணிக்கு 48 இலட்சம்! அதனினும் கொடியது வேறொன்று. அவரை வாழ்நாளில் சந்தித்தேயிராத ஹெப்னர், அவருடைய கல்லறைக்கு அடுத்த இடத்தை 1992இல் 75,000 டொலருக்கு வாங்கி, 2017இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சம்மதம் கேட்கப்படாத அப்பெண்ணிடம் மரணத்தின் பின்னரும் சம்மதம் கேட்கப்படவில்லை.

நம் வாசகர்களை நாம் வேண்டுவது இதுவே. ஒரு பெண்ணின் படம் விலைக்கு வரும்போது அவளுடைய ஒழுக்கத்தை விசாரிக்குமுன், அதை விற்றவன் யார், பணம் எவன் பெட்டிக்குட் சென்றது என்று விசாரியுங்கள். சட்டம் பயின்றோர், ஒருவரின் உருவமும் அவருடைய உழைப்பே என்று மன்றுகளில் வாதாடட்டும். தம் விளைச்சலுக்குப் பிறர் விலை கூறுவதன் கொடுமையை அறிந்த உழவர், அவ்வாதத்தின் நியாயத்தை எவரினும் விரைவில் உணர்வர். மர்லின் மன்றோவுக்கு நம் கண்ணீர் தேவையில்லை. அவர் கேட்டது தம் உழைப்பின் விலையும், மறுக்கும் உரிமையுமே. அவற்றைக் கேட்கும் எவரையும் ஒழுக்கத்தின் பெயரால் வாயடைக்க நாம் இடங்கொடோம்.