மடக்கெழுத்தாணியும் மடக்குக்கத்தியும்

அரிய மடக்குக்கத்திகளைத் தேடிச் சேர்ப்பதும், சட்டைப்பையில் வைத்திருந்து நண்பர்க்குக் காட்டி மகிழ்வதும் இளைஞர் சிலரின் விருப்பமாக உள்ளது. அதனைக் கடிந்துரைப்பது நம் நோக்கமன்று. சுவிட்சர்லாந்துக் கத்தியையும் இராம்பூர்க் கத்தியையும் நன்கறிந்த அவர்கள், நம் மடக்கெழுத்தாணியை அறிந்திலரே என்பதுதான் நம் வருத்தம்.

ஓலையில் எழுதியோர் உடன்கொண்டு சென்ற கருவி அது. ஒரு முனையில் எழுதும் ஊசி. மறுமுனையில் ஓலையை வாரும் கத்தி. இரண்டும் மடங்கிப் பிடிக்குள் அடங்கிவிடும். மேனாட்டார் இறகைச் சீவப் பயன்படுத்திய பேனாக்கத்தியும் இதற்கு உறவுடையதே.

புறநானூற்றின் 95 ஆம் பாட்டில், நெய்பூசிக் காவலில் வைத்த தொண்டைமானின் படைக்கலங்களையும், நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்த நம் தகடூர் அதியமானின் வேல்களையும் ஔவையார் எதிரெதிரே நிறுத்துகிறார். எவை உயர்ந்தவை என்பதைத் தமிழ் மாணவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. சேகரிப்போர் பலர் இன்னும் தொண்டைமான் பக்கமே நிற்கின்றனர்! தேய்ந்த எழுத்தாணியைத் தீட்டிப் பளபளப்பாக்கினால், எழுதியவரின் கைத்தடமே அழிந்துபோகும்.

உடன் எடுத்துச் செல்வதைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரியவை நீங்கலாக, 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகினை ஆயுத விதிகள் படைக்கலமாகக் கொள்கின்றன. மாந்தோப்பில் ஒட்டுக்கட்டக் கத்தி வேண்டும். வகுப்பறையில் குறுங்கத்திக்கும் வேலையில்லை.

பரணில் கிடக்கும் எழுத்தாணியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாமல், பெரியோர்கள் தமிழ்த்துறைக்குத் தந்துதவ வேண்டுகிறோம். எவ்வூரில் எவர் கையில் இருந்ததென ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்தல் நலம்.