பைக்கில் வந்தவன் செத்துட்டான், கொண்டெய்னரில் வந்தது யாருடையது?

“மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாத இருவர் துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொண்டுவிட்டுத் தப்பிச் சென்றுள்ளனர்.”

இந்த வசனத்தை ஜிந்துப்பிட்டியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்லும். கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என்று இடத்தின் பெயர் மட்டும்தான் மாறும். அடுத்த நாள் பேப்பரில் “பாதாள உலகக் கோஷ்டிகளுக்கிடையிலான மோதல்” என்று இன்னொரு வசனம் வரும். அத்தோடு கதை முடிஞ்சது. யார் அனுப்பினது, யாருடைய காசு, அந்தக் காசைக் கொண்டுவந்த சாமான் எந்த வழியாக நாட்டுக்குள்ளே வந்தது என்ற கேள்விகள் அந்த இரண்டு வசனத்துக்கும் இடையில் காணாமல் போய்விடும்.

எங்களுக்கு அந்த வழி தூரத்தில் இல்லை. செட்டியார் தெருவைத் தாண்டி, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைத் தாண்டினால் துறைமுக மதில். எங்கள் தாத்தாமார் பலர் அந்தத் துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் மூட்டை சுமந்த நாட்டாமிகள். அதனால் இந்த விஷயத்தைப் பேச எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறோம்.

முதலில் படத்துக்கு வருவோம். 2022இல் எச். வினோத் இயக்கிய ‘வலிமை’ வந்தது. ‘சாத்தான் ஸ்லேவ்ஸ்’ என்று ஒரு பைக் கும்பல், போதைப்பொருள், செயின் பறிப்பு, கொலை. எங்கள் பக்கப் பையன்கள் அஜித்துக்காகப் போனார்கள், பைக் சண்டைக்காகத் திரும்பவும் போனார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படம் முடிந்த இடத்தில் டிக்டொக் தொடங்குகிறது. உண்மையில் வெடி வைத்தவனுக்கும் வைக்கச் சொன்னவனுக்கும் பின்னணி இசை போட்டு, ஸ்லோ மோஷனில், கீழே சிங்கப் படம். மச்சான், அவன் சிங்கம் இல்லை. அவனுக்கு அந்த பைக் கூடச் சொந்தமில்லை. அநேகமாகக் களவெடுத்த பைக், பொய் நம்பர் பிளேட். வேலை முடிந்ததும் எங்கேயாவது ஒரு ஒழுங்கையில் பைக்கைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பைக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் ஓட்டினவனுக்கும்.

வெளிநாட்டு பைக்கர் கும்பல்களின் கதை வேறு. கனடாவின் கியூபெக்கில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற கும்பலுக்குக் கிளப் இருந்தது, முதுகில் சின்னம் போட்ட ஜாக்கெட் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். மொன்றியல் துறைமுகம் வழியாக வரும் போதைப்பொருளும் அதன் சந்தையும்தான் அவர்களுடைய பலம். 1994இலிருந்து 2002 வரை எதிர்க் கும்பலோடு நடந்த சண்டையில் 150க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1995இல் ஒரு கார்க் குண்டு, தெருவில் நின்ற 11 வயதுச் சிறுவனின் உயிரை எடுத்தது. அதற்குப் பிறகு மக்கள் சும்மா இருக்கவில்லை. 1997இல் திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான சட்டம் வந்தது. 2001இல் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். 2002இல் அந்தக் கும்பலின் தலைவர் மோரிஸ் பூஷேவுக்கு ஆயுள் தண்டனை. அதனால் மொன்றியல் துறைமுகம் புனிதமாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அங்கே விசாரணை கீழே இருந்து மேலே ஏறியது. தலைவனை உயிரோடு பிடித்து, நீதிமன்றத்தில் நிறுத்தி, ஆதாரம் காட்டித் தண்டித்தார்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

2013 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த கொண்டெய்னர் ஒன்றில், கிறீஸ் டின்களுக்குள் இருந்து 250 கிலோவுக்கு மேல் ஹெரோயின் பிடிபட்டது. அந்தக் கொண்டெய்னர் தொடர்பாக அப்போதைய பிரதமர் டி.எம். ஜயரத்னவின் அலுவலகத்திலிருந்து சுங்கத்துக்கு ஒரு கடிதம் போயிருந்தது வெளியே வந்தது. நாடே சத்தம் போட்டது. அவர் 2015 ஜனவரி வரை பிரதமராகவே இருந்தார்.

2016இல் பிரேசிலிலிருந்து வந்த சீனிக்குள் கொக்கேய்ன். அதே ஆண்டு டிசம்பரில், ஈக்குவடோரிலிருந்து இந்தியாவுக்குப் போகவிருந்த மரக் கொண்டெய்னரில் 900 கிலோவுக்கு மேல் கொக்கேய்ன். 2018 ஜனவரியில் கட்டுநாயக்கவில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் முன்னிலையில், கமெராக்கள் சுற்றி நிற்க, 928 கிலோவை அழித்தார்கள். 2019 பெப்ரவரியில் கொள்ளுப்பிட்டியில் ஒரு சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் நின்ற வாகனங்களில் 294 கிலோ ஹெரோயின். கவனியுங்கள், கொள்ளுப்பிட்டி. தோட்டம் இல்லை, லயன் இல்லை. அதற்காகக் கொள்ளுப்பிட்டிக்காரனை யாராவது ‘குடுக்காரன்’ என்று கூப்பிட்டார்களா?

கொழும்புத் துறைமுகம் 2024இல் மட்டும் 20 அடிக் கணக்கில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொண்டெய்னர்களைக் கையாண்டது. பெரும்பாலானவை இங்கே இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றப்படுபவை. எல்லாவற்றையும் திறந்து பார்க்க முடியாது, அது எங்களுக்கும் விளங்குது. எதைத் திறப்பது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில்தான் கோடிக்கணக்கான காசு இருக்கிறது. 2025 ஜனவரியில் நெரிசலைக் காரணம் காட்டி, 323 கொண்டெய்னர்களைப் பௌதிகப் பரிசோதனை இல்லாமல் விடுவித்தார்கள். ஜிந்துப்பிட்டிச் சந்தியில் ஒரு பையன் பரிசோதனை இல்லாமல் ஐந்து முறை நடந்து போக முடியுமா? பொக்கற், சப்பாத்து, போன் எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்கிறது இந்த நாட்டுச் சட்டம்.

2023 டிசம்பர் 17இல் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் கிட்டத்தட்ட 29,000 பேரைக் கைது செய்தார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் இதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். வீட்டுக்குள் புகுந்து, பிள்ளைகளுக்கு முன்னால் தேடி, டீவியில் நேரடியாகக் காட்டினார்கள். அந்த நடவடிக்கையைத் தலைமை தாங்கி நடத்திய பொலிஸ் மாஅதிபர் தேசபந்து தென்னகோனை, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே 177 வாக்குகளால் பதவியிலிருந்து நீக்கியது. யுக்தியவில் பிடிபட்ட எங்கள் தோட்டத்துப் பையன்களின் பெயரை எந்தப் பாராளுமன்றம் துடைக்கப் போகிறது?

அடுத்தது, பொலிஸ் காவலில் சாவு. மாகந்துரே மதுஷை 2019இல் துபாயில் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். அரசியல்வாதிகளோடு அவருக்கு என்ன தொடர்பு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. 2020 ஒக்டோபர் 20இல், போதைப்பொருளைக் காட்டுவதற்காக மாளிகாவத்தைக்குக் கூட்டிப் போனபோது துப்பாக்கிச் சண்டையில் செத்துப் போனார் என்றது பொலிஸ். 2025 பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி உடுப்பில் வந்தவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டான். இரண்டு நாளில் கொட்டாஞ்சேனையில் ஒரு கொலை. அதில் பிடிபட்ட இரண்டு சந்தேகநபர்களும் சில மணித்தியாலங்களில் பொலிஸ் காவலிலேயே சுடப்பட்டுச் செத்தார்கள். பொலிஸாரைத் தாக்க முயன்றார்களாம். எங்களுக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

“அப்ப கொலைகாரனை விட்டுடச் சொல்றீங்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. சுட்டவன் சிறைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிற ஒழுங்கையில் வெடி வைக்கிறவனுக்காக அழ எங்களிடம் கண்ணீர் இல்லை. ஆனால் அவன் உயிரோடு போக வேண்டும். துப்பாக்கியைத் தந்தவன் யார், காசு போட்டவன் யார், துபாயிலிருந்து போன் எடுத்தவன் யார் என்று சொல்லக்கூடிய ஒரே வாய் அவனுடையது. அந்த வாயை மூடினால் யாருக்கு இலாபம்? பக்கத்து வீட்டு அம்மாவுக்கா, மேலே இருக்கிறவனுக்கா? காவலில் ஒருவன் சாகும்போது கைதட்டுகிறவர்கள், தங்களை அறியாமலே மேலே இருக்கிறவனுக்குக் காவல் நிற்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. கோவில் திருவிழாவுக்கும் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கும் திடீரென்று பெரிய காசு வரும்போது, “தம்பி, இது எங்கால வந்தது?” என்று கேளுங்கள். பனரில் அவன் படத்தைப் போட்டு மாலையும் போட்டுவிட்டு, பிறகு “பசங்க கெட்டுப் போயிட்டாங்க” என்று பெருமூச்சு விட முடியாது. பள்ளிக்கூடம் போகிற பையன் முதலில் பார்ப்பது அந்த பனரைத்தான்.

இன்னொன்று. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது விலாசத்தில் ஜிந்துப்பிட்டி என்று எழுதவே யோசிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் “ஆ, அந்தப் பக்கமா?” என்று சிரிப்பார்கள். கதவு மூடும். மூடின கதவுக்கு வெளியேதான் பைக்கும் ஹெல்மெட்டும் முன்பணமும் காத்துக்கொண்டு நிற்கின்றன. சாமான் கடலால் வருகிறது. ஆளை மட்டும் இங்கேயே பொறுக்குகிறார்கள். அந்த ஆள் கிடைக்காமல் போனால் இந்த வியாபாரம் நொண்டும்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சந்தேகநபரை ஆயுதம் காட்டக் கூட்டிப் போனால் கமெராவோடு போங்கள், சட்டத்தரணிக்கு அறிவித்துவிட்டுப் போங்கள். காவலில் யார் செத்தாலும் பொலிஸ் அல்லாதவர்கள் விசாரிக்கட்டும். பரிசோதனை இல்லாமல் கொண்டெய்னரை விட உத்தரவு போடுகிறவரின் பெயரும் காரணமும் எழுத்தில் இருக்கட்டும், நாங்கள் வாசிக்கிற மாதிரி. போதைக்கு அடிமையானவனை இராணுவ முகாமுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 2022 ஜூனில் கந்தக்காட்டில் ஒருவர் செத்து நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினதைப் பார்த்தோமே, அது சிகிச்சை இல்லை.

அதுவரைக்கும், தம்பி, தங்கச்சி, உங்கள் போனில் அந்த சிங்கப் படத்து வீடியோ வந்தால் பகிராதீர்கள். அனுப்பினவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவனை அனுப்பின ஆளின் வீடியோ இருக்கா?