செருகுநிரலும் உரிமமும்

இசை மென்பொருளை எந்தத் தளத்தை நம்பி எழுதுவது என்பது பொறியாளர் விவகாரம், இலக்கிய வாசகனுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பத்திரிகைக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியாக்கம் என்று தமிழ் இணையம் சிதறிக்கிடந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது அந்நியமான சிக்கல் அன்று.

ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் மெய்நிகர் வாத்தியங்களையும் எதிரொலி போன்ற விளைவுகளையும் இணைத்துக்கொள்ள, ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996இல் வி.எஸ்.டி. என்னும் இடைமுகத்தை அளித்தது. கட்டணம் இல்லை, ஒப்பந்தம் மட்டும் உண்டு. உலகெங்கும் தனிமனிதர்கள் அதை நம்பிச் செருகுநிரல்கள் எழுதினர். 2018இல் அதன் இரண்டாம் பதிப்புக்குப் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன. முன்பே ஒப்பமிட்டோர் தொடரலாம்; புதியவர்களுக்குக் கதவு அடைபட்டது. மூன்றாம் பதிப்பு இருந்தது. ஆனால் அதன் அமைப்பு வேறு. பழைய நிரலை அப்படியே கொண்டுசெல்ல இயலாது.

2022இல் பிட்விக், யு-ஹீ நிறுவனங்கள் எவரிடமும் ஒப்பந்தம் செய்யாமல் பயன்படுத்தத்தக்க கிளாப் என்னும் தரத்தை வெளியிட்டன. 2025இல் ஸ்டெய்ன்பெர்க்கும் தன் மூன்றாம் பதிப்பைக் கட்டற்ற எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ்த் திறந்துவிட்டது.

கிளாப்பை எல்லா ஒலிப்பதிவு மென்பொருள்களும் ஏற்பதில்லை; பயனர்கள் இருக்கும் இடத்துக்கே படைப்பாளி செல்ல வேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் வேகம், வசதி, பயனர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிடும் முன் உரிமத்தை வாசிக்க வேண்டும் என்பதே என் துணிபு. இலவசம் வேறு, உரிமை வேறு. உரிமையாளரின் மனம் மாறினால் பல்லாண்டு உழைப்பு என்னவாகும் என்று கேட்காமல் எந்தத் தளத்திலும் முதல் வரியை எழுதக் கூடாது.