அடுப்போடு வருகிறவர்களை எங்கே நிறுத்துவது?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. குன்னூரிலிருந்து ஊட்டி போகிற சாலையில் ஒரு திருப்பம். ஓரமாக ஒரு டெம்போ டிராவலர் நிற்கிறது. கற்பூர மரத்தடியில் ஜமக்காளம், கேஸ் அடுப்பு, அதன் மேல் பெரிய குண்டா. ஒரு பெண் தட்டு கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுகிறார். படம் எடுத்தவர் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. கீழே நம் பிள்ளைகளில் ஒருவன் எழுதியிருந்தான்: "இதுகளை எல்லாம் கல்லாறுலயே திருப்பி அனுப்பணும் டீச்சர்."

அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்ல பிள்ளை. எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் நானே அதைச் சொன்னவள்.

அப்போது என் வீட்டுக்கு மேலே ரோட்டோரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். சின்னதும் பெரியதுமாகப் பதினாறு பேர். நான் விறுவிறுவென்று படியேறிப் போய், "இங்கே எல்லாம் சமைக்கக் கூடாது, கிளம்புங்க" என்று வகுப்பறைக் குரலில் அதட்டினேன். கரண்டியோடு நின்ற பாட்டியம்மா ஒருத்தர் பயந்துபோய், "சரி தாயி, போயிர்றோம். எங்க போயி சமைக்கலாம்னு மட்டும் சொல்லுங்க. பிள்ளைக காலையில இருந்து வெறும் பிஸ்கட்டுதான்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குன்னூரில் இல்லை, அருவங்காட்டில் இல்லை, கேத்தியில் இல்லை, ஊட்டியிலும் இல்லை. ஒரு குடும்பம் காசு கொடுத்தாவது உட்கார்ந்து, தன் கையால் சமைத்து, சாப்பிட்டு, கை கழுவி, பெண்கள் பயமில்லாமல் கழிப்பறைக்குப் போய்வர ஓர் இடம் எனக்குத் தெரிந்து மலையில் இல்லை. கடைசியில் அவர்களை என் வீட்டு வாசலுக்கே கூட்டி வந்தேன். பாட்டியம்மா போகும்போது பருப்புப்பொடி டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேனின் டிரைவர் பையன் ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவன். சாப்பிட்டதும் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கினான். அன்று மாலையே மலை இறங்க வேண்டும் என்றார்கள். மே மாதம் ரூம் வாடகை கேட்டு மலைத்துப் போயிருந்தார்கள். (காட்டேஜ் வைத்திருக்கிற என் மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் ரூபாய் ரூம் சீசனில் எத்தனை ஆயிரம் ஆகிறது என்று எனக்குக் கணக்குச் சொன்னதே நீங்கள்தான்.)

இந்த வீடியோ வந்த அதே வாரம் இன்னொரு குடும்பத்தின் படங்களும் எனக்கு வந்தன. பிரான்ஸில் இருக்கிற நம் மாணவி அனுப்பியது. கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய கார், மேலே கட்டிய கூடாரம், உள்ளே ரைஸ் குக்கர். லுவார் ஆற்றங்கரையில் இரண்டு இரவு, பிறகு பிரித்தானி கடற்கரை ஓரம் நான்கு இரவு என்று ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். ஒரு படத்தில் புல்வெளியில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாம்பார் தாளிக்கிறாள். பக்கத்துக் கூடாரத்து ஹாலந்துக்காரக் குடும்பம் எட்டிப் பார்க்கிறது. அந்தப் படத்தைக் குழுவில் போட்டபோது வந்த பதில்கள் ஞாபகம் இருக்கிறதா? "சூப்பர்", "செம லைஃப்", இதயம் இதயமாக.

அதே ஜமக்காளம், அதே சாம்பார். அருப்புக்கோட்டைக்காரர் செய்தால் ஏன் நமக்கு அசிங்கமாகப் படுகிறது?

அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அங்கே சின்னச் சின்ன ஊர்களில்கூட நகராட்சியே நடத்துகிற முகாம் இடம் இருக்கிறதாம். புல்தரையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாத்திக்கு ஒரு குடும்பம். தண்ணீர்க் குழாய், குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவத் தனித் தொட்டி, துணி துவைக்க இடம், குப்பையைத் தரம் பிரித்துப் போட டப்பாக்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஓர் இரவு தங்குவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஒரு சிறு வரியும் உண்டு. அந்த நாடு முழுக்க இப்படி ஏழாயிரத்துக்கும் மேல் முகாம்கள். நகராட்சியுடையவை, தனியாருடையவை எல்லாம் சேர்த்துத்தான்.

"கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாதா?" என்று கேட்டேன். "ஐயையோ டீச்சர், கடற்கரையில போட்டா சட்டப்படி குத்தம்" என்றாள். இதை நன்றாகக் கவனியுங்கள். அங்கேயும் தடை இருக்கிறது. "இங்கே கூடாது" என்கிற பலகைக்குக் கொஞ்ச தூரத்திலேயே "அங்கே போ" என்கிற பலகையும் இருக்கிறது, அவ்வளவுதான். மோன் சென் மிஷேல் என்று கடலுக்குள் ஒரு குன்றும் அதன் மேல் பழைய மடாலயமும் உண்டு. உலகமே பார்க்க வருகிற இடம். கார்களை எல்லாம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேருந்தில் கூட்டிப் போகிறார்கள். வராதே என்று சொல்லவில்லை.

அந்த ஊரிலும் முன்பு பணக்காரர்கள்தான் கடற்கரைக்குப் போனார்கள். 1936-ல்தான் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. ஆலைத் தொழிலாளிகளில் எத்தனையோ பேர் முதல்முறையாகக் கடலைப் பார்த்தது அந்தக் கோடையில்தான். ஓட்டலுக்குக் காசில்லாதவர்கள் கூடாரத்தோடும் சைக்கிளோடும் போனார்கள். கடற்கரை பங்களாக்காரர்கள் அன்று முகம் சுளித்தார்கள். இன்று நம் முகத்தில் இருப்பது அதே சுளிப்புதான்.

வெளிநாட்டுப் பெருமை போதும் என்பீர்கள். சரி, நம்மூருக்கு வருகிறேன். சத்திரம் கட்டியவர்கள் நாம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. வழிநடை போகிறவனுக்குத் திண்ணையும் தண்ணீரும் சோறும் கொடுப்பது ராஜ கடமையாக இருந்த ஊர் இது. அதெல்லாம் வேண்டாம், நம் கதையையே பாருங்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் பண்ணாரிக்கும் வேன் பிடித்துப் போனபோது அடுப்பும் அரிசி மூட்டையும் இல்லாமலா போனோம்? ஆற்றோரமாக நிறுத்தி, மூன்று கல் வைத்து, பொங்கித் தின்றோம். அங்கே யாராவது நம்மை வீடியோ எடுத்திருந்தால்?

இனி மறுபக்கம். வீடியோவைப் பார்த்து எரிச்சல்பட்டவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரோட்டோரம் மிச்சச் சோற்றைக் கொட்டினால் குரங்கு வரும், காட்டெருமை வரும், ராத்திரி கரடி வரும். வேன் போய்விடும், கரடி நம் வாசலில்தான் நிற்கும். பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் யானைகள் இறங்குகிற இடத்திலேயே நிறுத்தி அடுப்பு பற்ற வைப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாட்டு அது. இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக்கை ஒழிக்க இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டு வருகிறோம். அதையும் காற்றில் விட முடியாது. ஆகவே ரோட்டோரச் சமையலைத் தடை செய்யுங்கள், அபராதம் போடுங்கள், நான் கைதட்டுகிறேன். ஆனால் பாட்டியம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இ-பாஸ் அதற்குப் பதிலா? 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கிறது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நான் ஆதரிக்கிறேன். 2011 கணக்குப்படி ஏழரை லட்சம் பேர்கூட இல்லாத மாவட்டம் நம்முடையது. எவ்வளவைத்தான் தாங்கும்? ஆனால் அது வண்டியை எண்ணுகிறது. ஏறிய வண்டிக்குள் இருக்கிற பதினாறு வயிற்றுக்கும் மூத்திரப் பைக்கும் அதில் கணக்கு இல்லை. ரிசார்ட்டில் தங்குகிறவருக்குப் பிரச்சினை இல்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே எல்லாம். தேயிலைக்கு நடுவே டென்ட் போட்டு, தீ மூட்டி, பாட்டுப் போட்டு ஆயிரக்கணக்கில் வாங்கினால் அதற்கு 'கேம்பிங்' என்று பெயர். யானை வழித்தடத்தில் கட்டியவை எவை என்பது சீகூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் கொடுத்த தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். டெம்போ டிராவலரில் வந்தவர்கள் யாரும் அங்கே கட்டடம் கட்டவில்லை.

டிரைவர் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்க இடமில்லாமல் ஒரே நாளில் ஏறி இறங்குகிற வண்டிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 2023 செப்டம்பர் 30 மாலை மரப்பாலம் அருகே, ஊர் திரும்பிக்கொண்டிருந்த தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து ஒன்பது பேர் போனார்கள். அந்த விபத்தின் காரணத்தை நான் சொல்ல வரவில்லை. ஆனால் தூங்காத கண்ணோடு ஒருவன் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது என்றால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இரண்டாவது கியரில் இறங்கு என்று போர்டு வைக்கிறோம். இரண்டு மணி நேரம் படுத்து எழுந்துவிட்டு இறங்கு என்று சொல்ல ஓர் இடம் வைக்கவில்லை.

சரி டீச்சர், இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். காட்டை வெட்டியா, தேயிலையைப் பிடுங்கியா? ஒரு செடியைக்கூடப் பிடுங்க வேண்டாம். நாம் படித்த, படிப்பித்த பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

சீசன் எப்போது? மே மாதம். பள்ளிக்கூடம் எப்போது பூட்டிக் கிடக்கிறது? அதே மே மாதம். சுற்றுச்சுவர் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்கிறது, சத்துணவுக் கூடம் இருக்கிறது. பிள்ளைகள் குறைந்துபோய் வருடம் முழுக்கவே பூட்டிக் கிடக்கிற கட்டடங்களும் எஸ்டேட் பக்கம் உண்டு. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்று ஊரிலும் பேருந்து போகிற சாலையில், யானை வழியில் இல்லாத இரண்டிரண்டு பள்ளிகளை நகராட்சி எடுத்துக்கொண்டால் போதும். மைதானத்தில் வேன், சத்துணவுக் கூடத்துப் பக்கம் அடுப்பு, வராந்தாவில் படுக்கை. வகுப்பறைகளைப் பூட்டியே வைக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் அந்நியர் தங்குவதா என்று அதிர்ச்சி அடைகிற ஆசிரிய நண்பர்களே, தேர்தல் பணிக்குப் போய் வாக்குப்பதிவு எந்திரத்துக்குப் பக்கத்தில் நாம் எங்கே படுத்தோம்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது வீடிழந்தவர்களை எங்கே தங்க வைத்தார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களைத் தஞ்சாவூர் டூர் கூட்டிப் போனேனே, ராத்திரி எங்கே தூங்கினோம்? முன்பின் தெரியாத ஒரு தலைமை ஆசிரியர் தன் பள்ளி வராந்தாவைத் திறந்துவிட்டார். நீங்கள் பெரிய கோவிலை மறந்திருப்பீர்கள். அந்த வராந்தாவில் அடித்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது ஒன்றுதான். இதை எல்லாம் யார் கழுவுவது? வருடம் முழுக்க அற்பச் சம்பளத்தில் கழிப்பறை கழுவுகிற அம்மாவின் தலையில் மே மாதத்தையும் கட்டிவிடக் கூடாது. அப்படி நடந்தால் இந்தத் திட்டமே வேண்டாம். வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கூலி பேசி ஒப்படைக்க வேண்டும். இலவசம் கூடாது. அருப்புக்கோட்டைப் பாட்டியம்மா இலவசம் கேட்கவே இல்லை. இடம்தான் கேட்டார். மிஞ்சுகிற காசில் பள்ளிக்குக் கழிப்பறைக் கதவாவது புதிதாகப் போடலாம். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே முகாமை மூடி, வெள்ளையடித்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

காட்டேஜ்காரப் பிள்ளைகளே, உங்கள் தொழில் கெடாது. வராந்தாவில் படுக்கத் தயாராக வருகிறவர் உங்கள் வாடிக்கையாளரே இல்லை. டாக்ஸி ஓட்டுகிறவர்களே, வேனைப் பள்ளியில் நிறுத்தினால் ஊர் சுற்ற உங்கள் வண்டியைத்தானே கூப்பிடுவார்கள்?

இதை ஒரு மனுவாக எழுதி முதலில் நகராட்சிக்கும் பிறகு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுக்கப் போகிறேன். எந்தெந்தப் பள்ளி என்று பெயர் சொல்ல இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள், கவுன்சிலர் வீட்டோடு பழக்கம் உள்ளவர்கள், இன்னும் வேலையில் இருக்கிற ஆசிரியர்கள் உதவி வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டில் உட்காருகிறோம். கல்லாறிலேயே திருப்பி அனுப்பச் சொன்ன பிள்ளை அவசியம் வரவும். கையெழுத்து உன்னுடையதுதான் அழகாக இருக்கும், மனுவை நீதான் எழுதப் போகிறாய்.